டேக்டிகல் டார்ச்: 90,000 லுமன் எங்கிருந்து வருகிறது?

ஆன்லைன் கடைகளில் 'டேக்டிகல் டார்ச்' என்று தேடிப் பாருங்கள். 500 ரூபாய் டார்ச் ஒன்று 90,000 லுமன் என்று மார்தட்டும். அதற்குப் பக்கத்திலேயே 6,000 ரூபாய் டார்ச் ஒன்று 1,200 லுமன் என்று அடக்கமாக நிற்கும். இரண்டுமே 'ராணுவத் தரம்', இரண்டுமே 'தற்காப்புக்கு ஏற்றது'. இரவு ஷிப்ட் முடிந்து தனியாக வீடு திரும்பும் மகளுக்கோ, நள்ளிரவில் மோட்டார் போடப் போகும் அப்பாவுக்கோ ஒன்று வாங்கித் தரலாம் என்று உட்காருகிறவர் எதை நம்புவது?

பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணைச் சற்று ஒதுக்கி வைக்க வேண்டும். சின்ன எழுத்தில் இருப்பதையும், எழுதாமலே விட்டதையும் பார்க்கப் பழகினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அதற்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும், பள்ளிக்கூடக் கணக்குதான்.

'டேக்டிகல்' என்பது யார் கொடுத்த பட்டம்?

யாரும் கொடுப்பதில்லை. இந்தச் சொல்லுக்குத் தர நிர்ணயம் எதுவும் கிடையாது. எந்த டார்ச்சிலும் யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். அமெரிக்கப் போலீசும் ராணுவமும் ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் விளக்கு என்று வேலை செய்ததிலிருந்து வளர்ந்த வகை இது. அந்த வேலைக்கு ஏற்ற மாதிரி சில குணங்கள் அமைந்தன: உள்ளங்கையில் அடங்கும் உருளை வடிவம், கட்டைவிரல் படும்படி வால்முனையில் சுவிட்ச், அழுத்தினால் எரிந்து விரலை எடுத்தால் அணைவது, அழுத்தியதும் நேரே முழு வெளிச்சம், கீழே விழுந்தாலும் அணையாத உறுதி. இந்த ஐந்தும் இருந்தால், பெட்டியில் எழுதியிருக்காவிட்டாலும் அது டேக்டிகல் டார்ச்தான். கருப்பு வண்ணமும் ரம்பப் பல் விளிம்பும் மட்டும் இருந்தால் அது வேஷம்.

இதில் எல்லாமே புதிதும் இல்லை. நம் ஊர் வாட்ச்மேன் கையில் இருந்த மூன்று கட்டை டார்ச்சில், தள்ளு சுவிட்சுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பொத்தான் இருந்தது நினைவிருக்கலாம். அதை அமுக்கும்வரை எரியும், விட்டால் அணையும். இன்றைக்கு ஆயிரக்கணக்கில் விலை சொல்லி விற்பதும் அதே வசதியைத்தான்.

மூன்று அளவுகள்

வெளிச்சத்தை அளக்க மூன்று அலகுகள் உண்டு. விளம்பரங்கள் முதலாவதை மட்டும் சொல்லும்.

1. லுமன்: விளக்கிலிருந்து எல்லாத் திசையிலும் சேர்ந்து வெளிவரும் மொத்த வெளிச்சம். குழாயிலிருந்து நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்பது மாதிரி.

2. கேண்டலா: ஒரு குறிப்பிட்ட திசையில் அந்த வெளிச்சம் எவ்வளவு செறிவாகப் போகிறது என்பது. அதே குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் தூரமாய்ப் பீய்ச்சி அடிக்கிறதல்லவா, அந்த வேகம்.

3. லக்ஸ்: போய் விழுகிற இடத்தில் எவ்வளவு வெளிச்சம் சேர்கிறது என்பது. கேண்டலாவைத் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் லக்ஸ் கிடைக்கும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும்.

இரண்டு டார்ச்சுகளை வைத்துக் கணக்குப் போடுவோம். முதலாவது 2,000 லுமன், ஆனால் ஒளியை அகலமாகப் பரப்புவது. அதன் உச்சச் செறிவு 4,000 கேண்டலா. இரண்டாவது வெறும் 500 லுமன், ஆனால் ஒளியைக் குவிப்பது, 15,000 கேண்டலா. ஐந்து மீட்டர் தள்ளி நிற்கும் ஆளின் முகத்தில் முதல் டார்ச் போடும் வெளிச்சம் 160 லக்ஸ். இரண்டாவது போடுவது 600 லக்ஸ். லுமனில் நாலில் ஒரு பங்கு இருக்கிற டார்ச், முகத்தில் கிட்டத்தட்ட நாலு மடங்கு பளிச்சென்று அடிக்கிறது.

அதற்காக இரண்டாவதுதான் சிறந்தது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் ஏதோ சத்தம் கேட்டு எட்டிப் பார்க்கும்போது முதலாவதுதான் தோட்டம் முழுவதையும் ஒரே பார்வையில் காட்டும். எந்த வேலைக்கு என்பது தெரியாமல் எண்ணை ஒப்பிட முடியாது என்பதற்குத்தான் இந்த உதாரணம்.

கேண்டலாவைப் பல பெட்டிகளில் போடுவதே இல்லை. ஆனால் 'ஒளி செல்லும் தூரம் 200 மீட்டர்' என்பது போல ஒன்று இருக்கும். அது முறைப்படி அளந்த தூரமாக இருந்தால், அதைப் பாதியாக்கி வர்க்கப்படுத்துங்கள்: 100 பெருக்கல் 100, ஆக 10,000 கேண்டலா. அந்தத் தூரம் என்பதே வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் இடம்தான் என்பதால் இப்படித் திருப்பிக் கணக்கிட முடிகிறது. 0.25 லக்ஸ் என்றால் மேகமில்லாத பௌர்ணமி நிலா அளவு. அங்கே ஏதோ நிற்கிறது என்று தெரியும். மனிதனா மாடா என்று தெரிந்தால் பெரிய விஷயம். முகம் அடையாளம் தெரிய வேண்டுமென்றால் பெட்டியில் உள்ள தூரத்தில் கால் பங்கைத்தான் நம்பலாம். 200 மீட்டர் டார்ச் 50 மீட்டரில் 4 லக்ஸ் தரும். அதுவே போதும் என்றுதான் சொல்ல வேண்டும்; தெருவில் 50 மீட்டருக்கு அப்பால் இருக்கிறவரைப் பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?

90,000 லுமனும் மிக்சியும்

நல்ல எல்.இ.டி டார்ச் ஒன்று, உள்ளே வீணாவதையெல்லாம் கழித்தபின், ஒரு வாட் மின்சாரத்துக்குச் சுமார் 100 லுமன் தரும். அந்தக் கணக்கில் 90,000 லுமனுக்கு 900 வாட் வேண்டும். வீட்டில் ஓடும் மிக்சி 500 அல்லது 750 வாட். ஆக, உள்ளங்கையில் அடங்கும் அந்த டார்ச் மிக்சியைவிட அதிக மின்சாரத்தைத் தின்று, அதில் பெரும்பகுதியைச் சூடாக வெளியே தள்ள வேண்டும். கையில் பிடிக்க முடியாது.

சரி, பேட்டரி தாங்குமா? இந்த டார்ச்சுகளில் இருக்கும் 18650 வகை லித்தியம் பேட்டரி, நல்ல தரமானதாக இருந்தால், 3.6 வோல்ட்டில் சுமார் 3,500 எம்.ஏ.எச் (மில்லி ஆம்பியர்-மணி), அதாவது 3.5 ஆம்பியர்-மணி கொள்ளும். பெருக்கினால் 12.6 வாட்-மணி. 900 வாட் இழுத்தால் 50 நொடியில் தீர்ந்துவிடும். அதற்கு 250 ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். இந்த அளவுள்ள நல்ல பேட்டரிகளே 10 முதல் 30 ஆம்பியர் வரைதான் தருகின்றன. கணக்கு எந்தப் பக்கம் திருப்பினாலும் உதைக்கிறது. ஒற்றை எல்.இ.டி உள்ள இந்த மாதிரி டார்ச்சில் உண்மையில் வருவது சில நூறு லுமன். அந்தச் சில நூறே பல வேலைக்குப் போதும் என்பதுதான் இதில் வேடிக்கை. விற்கிறவர் உண்மையைச் சொல்லியிருந்தாலும் பொருள் விலை போயிருக்கும்.

அளந்தது எப்போது, எப்படி?

2009-இல் அமெரிக்காவில் டார்ச்சுகளை அளப்பதற்கென்று ஒரு பொது முறை வந்தது. ஆன்சி எஃப்.எல்.1 என்பது அதன் பெயர். நம்பகமான நிறுவனங்கள் உலகெங்கும் அதைத்தான் பின்பற்றுகின்றன. பெட்டியில் சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் படத்தோடு எண்கள் இருந்தால் பெரும்பாலும் அந்த முறைதான். அது ஆறு விஷயங்களைச் சொல்கிறது: மொத்த வெளிச்சம், உச்சச் செறிவு, தூரம், எரியும் நேரம், விழுந்தால் தாங்குவது, தண்ணீர் தாங்குவது. இதில் எரியும் நேரத்தை மட்டும் கவனித்துப் படிக்க வேண்டும்.

வெளிச்சத்தை அளப்பது சுவிட்ச் போட்டு 30 நொடி கழித்து. எரியும் நேரம் என்பது அந்த வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை. ஆகவே '1,500 லுமன், 2 மணி நேரம்' என்று பெட்டியில் இருந்தால் இரண்டு மணி நேரமும் 1,500 லுமன் என்று அர்த்தமில்லை. இரண்டு மூன்று நிமிடம் முழு வெளிச்சம் காட்டிவிட்டு, சூடு தாங்காமல் தானே 400 லுமனுக்கு இறங்கி, மீதி நேரத்தை அதில் ஓட்டியிருக்கலாம். இதை மோசடி என்று சொல்ல முடியாது. சின்ன உலோகக் குழாய் வெளியேற்றக்கூடிய சூட்டுக்கு ஓர் எல்லை உண்டு, அதற்கு மேல் ஏறினால் எல்.இ.டியும் பேட்டரியும் கெடும். நல்ல நிறுவனங்கள் எத்தனை நிமிடத்தில் எவ்வளவு குறையும் என்று ஒரு வரைபடமே போட்டுவிடுகின்றன. அந்த வரைபடத்தில் கோடு ஒரே மட்டத்தில் நெடுநேரம் போனால் உள்ளே மின்னோட்டத்தைச் சீராக்கும் சர்க்யூட் இருக்கிறது என்று பொருள். கோடு முதல் நிமிடத்திலிருந்தே சரிந்துகொண்டே போனால் பேட்டரி தீரத் தீர வெளிச்சமும் மங்கும்.

முகத்தில் அடித்தால் என்ன நடக்கும்?

தற்காப்பு விளம்பரங்களின் மையமே இதுதான்: அடித்தால் எதிராளி நிலைகுலைவான். இதில் எவ்வளவு உண்மை?

இருட்டில் இருக்கும் கண், கருமணியை விரித்து, விழித்திரையில் உள்ள ரோடாப்சின் என்ற நிறமியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டு இருட்டுக்குப் பழகுகிறது. முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். அப்படிப் பழகிய கண்ணில் திடீரென்று 400, 500 லக்ஸ் விழுந்தால் அந்த நிறமி நொடியில் வெளுத்துவிடும். ஆள் கண்ணை மூடுவான், முகத்தைத் திருப்புவான், கையை உயர்த்துவான். விளக்கு அணைந்த பிறகும் சில நொடிகளுக்குக் கண் முன்னால் புள்ளி நிற்கும். இது உண்மை. ஓடவோ, கத்தவோ, கதவைச் சாத்தவோ அந்தச் சில நொடி உதவும்.

ஆனால் இந்தக் கணக்கு இருட்டில்தான் நிற்கும். பேருந்து நிலையத்தின் வெளிச்சத்தில் நிற்கிறவனின் கருமணி ஏற்கெனவே சுருங்கியிருக்கும். அங்கே இது வெறும் எரிச்சல். குடித்திருக்கிறவன், ஆத்திரத்தில் இருப்பவன், பக்கவாட்டில் வருகிறவன் யாரையும் வெளிச்சம் நிறுத்திவிடாது. வெள்ளைச் சுவர் பக்கத்தில் இருந்தால் திரும்பி அடிக்கும் ஒளியில் நம் கண்ணும் கூசும். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி மூடுபனி இறங்கும் இடங்களில் அதிக வெளிச்சம் போட்டால் எதிரே வெள்ளைத் திரைதான் தெரியும்.

அப்புறம் 'ஸ்ட்ரோப்', அதாவது நொடிக்குப் பத்துப் பதினைந்து முறை வெட்டி வெட்டி எரிவது. இது எதிராளியைத் தலைசுற்ற வைக்கும் என்று விற்கிறார்கள். வெட்டி எரியும் ஒளியில் அசைவுகள் துண்டு துண்டாகத் தெரிவதால் தூரத்தைக் கணிப்பது கடினம்தான். அந்தக் கஷ்டம் டார்ச்சைப் பிடித்திருப்பவருக்கும் அதே அளவு உண்டு. எதிராளியின் கையில் என்ன இருக்கிறது, அவன் எந்தப் பக்கம் நகர்கிறான் என்பதெல்லாம் அவருக்கும் வெட்டி வெட்டித்தான் தெரியும். ஒளித் துடிப்பு வலிப்பு வரக்கூடியவர்களைப் பாதிக்கும் என்பதும் தெரிந்த விஷயம்: 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு தொலைக்காட்சிக் கார்ட்டூனில் நொடிக்குப் பன்னிரண்டு முறை நிறம் மாறித் துடித்த ஒரு காட்சியைப் பார்த்து அறுநூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் இந்தப் பொத்தான் விளையாட்டுப் பொருளாகக் கூடாது. தூரத்தில் இருப்பவரைக் கவனிக்க வைக்க ஸ்ட்ரோப் நன்றாக உதவும். அதை நம்பி எதிராளியை நெருங்க விடுவது சரியில்லை.

வெளிச்சத்தின் பெரிய பலன் அதற்கு முந்தைய கட்டத்தில் இருக்கிறது. வால்பாறையில் யானைகள் நடமாடும் எஸ்டேட் பகுதிகளில் உயரமான இடங்களில் சிவப்பு எல்.இ.டி விளக்குகள் வைத்திருக்கிறார்கள். யானை பக்கத்தில் இருப்பது தெரிந்தால் கைபேசி மூலம் அதை எரியவிடுவார்கள். தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு மக்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பார்கள். விளக்கு யானையை ஒன்றும் செய்வதில்லை. கையில் இருக்கும் டார்ச்சும் அதே வேலையைத்தான் செய்கிறது: முனை திரும்புமுன் அங்கே யாரோ நிற்பதைக் காட்டுகிறது, நாமும் வேறு வழியில் போய்விடுகிறோம்.

சுவிட்ச்: ஒப்பிடவேண்டிய முதல் விஷயம்

பதற்றத்தில் விரல் நடுங்கும், யோசனை ஓடாது. அந்த நேரத்தில் ஒரே அழுத்தில், பார்க்காமலே, முழு வெளிச்சம் வரவேண்டும். 1,000 லுமனா 1,500 லுமனா என்ற வித்தியாசம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. சுவிட்ச் தப்பானால் எத்தனை லுமன் இருந்தும் பயனில்லை.

1. ஃபார்வர்ட் கிளிக்: வால்முனைப் பொத்தானைப் பாதி அழுத்தினால் எரியும், விட்டால் அணையும், முழுதாக அழுத்திக் 'கிளிக்' சத்தம் வந்தால் எரிந்துகொண்டே இருக்கும். தற்காப்புக்கு இதுதான் சரி.

2. ரிவர்ஸ் கிளிக்: முழுதாக அழுத்தி விட்டால்தான் எரியும்; பாதி அழுத்தினால் வெளிச்சத்தின் அளவு மாறும். வீட்டு வேலைக்கு நல்லது. மலிவு டார்ச்சுகளில் பெரும்பாலும் இதுதான்.

3. பக்கவாட்டு எலெக்ட்ரானிக் பொத்தான்: ஒரு அழுத்து, இரண்டு அழுத்து, நெடுநேர அழுத்து என்று பல வேலை செய்யும். வசதிதான். ஆனால் இருட்டில் விரல் அதைத் தேட வேண்டும், கைப்பைக்குள் தானே அழுந்தி எரியவும் வாய்ப்புண்டு. 1,000 லுமன் டார்ச் துணிக்குள் எரிந்தால் துணி கருகும். அதனால் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில டார்ச்சுகளில் வால்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தினாலே மின்சாரம் அறுந்துவிடும்.

இதைவிட மோசமானது வரிசை முறை. முதல் கிளிக்கில் முழு வெளிச்சம், இரண்டாவதில் பாதி, மூன்றாவதில் மங்கல், நாலாவதில் ஸ்ட்ரோப், ஐந்தாவதில் எஸ்.ஓ.எஸ் என்று சுற்றிவரும். அணைத்துவிட்டு உடனே போட்டால் அடுத்த நிலைக்குத் தாவிவிடும். ஆபத்தில் பொத்தானை அழுத்தினால் டார்ச் பொறுமையாக மோர்ஸ் குறியீட்டில் தந்தி அடித்துக்கொண்டிருக்கும். 'ஐந்து மோடு' என்பதைப் பெருமையாகப் போடுவது ஏன் என்பது எனக்கு விளங்குவதே இல்லை. ஸ்ட்ரோபுக்குத் தனிப் பொத்தானோ, அழுத்திப் பிடித்தால் மட்டும் வரும்படியோ இருப்பது நல்ல வடிவமைப்பு. கடைசியாக வைத்த நிலையை நினைவில் வைத்திருக்கும் டார்ச்சிலும் எச்சரிக்கை தேவை: நேற்று இரவு மங்கலில் அணைத்திருந்தால் இன்று ஆபத்திலும் மங்கலாகத்தான் எரியும்.

காலடியில் இருக்கும் ஆபத்து

தனிநபர் பாதுகாப்பு என்றதும் விளம்பரங்கள் முகமூடித் திருடனைக் காட்டுகின்றன. தமிழ்நாட்டுக் கிராமத்தில் இரவில் வெளியே போகிறவருக்கு அதைவிடப் பக்கத்தில் இருக்கும் ஆபத்து பாம்பு. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கிறார்கள் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது; ஆண்டுக்குச் சராசரி 58,000. 2024-இல் தமிழக அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து மோட்டார் போடவும் மடை திருப்பவும் போகிறவர்கள் வரப்பில் நடப்பது பெரும்பாலும் இருட்டில்தான்.

இந்த வேலைக்கு எது தேவை என்று பார்த்தால் 'டேக்டிகல்' அளவுகோல்கள் தலைகீழாகின்றன. மூன்று நாலு மீட்டர் தூரத்துக்கு அகலமான ஒளி போதும். 100, 150 லுமனே தாராளம். வெளிச்சம் அதிகமாகிப் பளபளத்தால் ஈரத் தரையும் புல்லும் ஒரே வெள்ளையாகத் தெரியும். நிறம் முக்கியம். மலிவு டார்ச்சுகளின் நீலம் பாய்ந்த வெள்ளை, 6,500 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அலகு) அளவில் இருப்பது, பழுப்பையும் சாம்பலையும் ஒன்றாக்கிவிடும். 4,000 முதல் 5,000 கெல்வின் வரை உள்ள இளமஞ்சள் வெள்ளையும், நிறங்களை உண்மையாகக் காட்டும் திறனைக் குறிக்கும் சி.ஆர்.ஐ என்ற எண் 90-ஐ ஒட்டியும் இருந்தால், காய்ந்த சருகின் மேல் அசையாமல் கிடக்கும் கண்ணாடி விரியனின் வட்டங்கள் பிரிந்து தெரிய வாய்ப்பு கூடும். இப்படிப்பட்ட எல்.இ.டியில் மொத்த லுமன் கொஞ்சம் குறையும், அதனால் விளம்பரத்தில் எடுபடாது.

பிடிக்கும் உயரமும் வித்தியாசம் தரும். தலையில் மாட்டும் லைட் கண்ணுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், பொருள்களின் நிழல் அந்தப் பொருள்களுக்குப் பின்னாலேயே மறைந்து தரை தட்டையாகத் தெரியும். அதே ஒளியை இடுப்பு உயரத்திலோ அதற்குக் கீழேயோ பிடித்தால் ஒவ்வொரு கல்லுக்கும் குச்சிக்கும் நீளமான நிழல் விழும். மேடு பள்ளம், சுருண்டு கிடப்பது எல்லாம் எடுத்துக் காட்டும். மண்வெட்டி பிடிக்க இரண்டு கையும் வேண்டும் என்பவருக்குத் தலைலைட்தான் வழி; நடக்கும்போதாவது அதைக் கழற்றிக் கையில் பிடிப்பது மேல். வெளிச்சத்தைக் கண்டு பாம்பு ஓடிவிடும் என்று நினைக்க வேண்டாம். நாம் பார்த்து ஒதுங்குவதற்குத்தான் வெளிச்சம்.

பேட்டரி

எண்களால் குறிக்கும் பேட்டரிகளில் இரண்டு ரகம் தெரிந்தால் போதும். 18650 என்றால் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். 21700 என்றால் 21-க்கு 70. சுமார் 5,000 எம்.ஏ.எச் வரை கொள்ளும். 18650 பேட்டரியின் மேல் 9,900 எம்.ஏ.எச் என்று இருந்தால் அது பொய், அந்த உடம்புக்குள் அவ்வளவு அடங்காது. நல்ல 18650 பேட்டரி 45 முதல் 50 கிராம் எடை இருக்கும்.

மேலுறை கிழிந்த லித்தியம் பேட்டரியைப் பயன்படுத்தக் கூடாது. கழற்றிய பேட்டரியைச் சாவி, சில்லறையோடு பாக்கெட்டில் போட்டால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கக்கூடும். விமானத்தில் உதிரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது.

சுவரில் நேரே செருகிச் சார்ஜ் செய்யும் பழைய வகை டார்ச்சுகள் பலவற்றில் இருப்பது லெட்-ஆசிட் பேட்டரி. அதைத் தீர விட்டு நாலு மாதம் அலமாரியில் வைத்தால் செத்துவிடும். புயல் வரும் நாளில் எடுத்துப் பார்க்கும்போது எரியாத டார்ச்சுகளில் பல இப்படிப் போனவைதான். எப்போதோ ஒருமுறை எடுக்கும் டார்ச்சுக்குச் சாதாரண டபுள்-ஏ பேட்டரியே நல்லது, பெட்டிக்கடையிலும் கிடைக்கும். ஆனால் அதை உள்ளே போட்டே வைத்தால் கசிந்து உலோகத்தை அரிக்கும், தனியாக எடுத்து வைக்க வேண்டும். சி.ஆர்.123ஏ என்ற ஒருமுறைப் பயன்பாட்டு லித்தியம் பேட்டரி பத்தாண்டு வரை கெடாது, விலைதான் அதிகம்.

டைப்-சி சார்ஜிங் இப்போது பலவற்றில் வந்துவிட்டது. சில மலிவு டார்ச்சுகள் பழைய அகல முனை வயரில் மட்டும் சார்ஜ் ஆகும், இரு முனையும் டைப்-சி உள்ள வயரில் ஆகாது. காசு மிச்சம் பிடிக்கச் சின்ன ரெசிஸ்டர்களை விட்டுவிடுவதால் வரும் வினை அது.

உடம்பு, தண்ணீர், பல் விளிம்பு

'விமான அலுமினியம்' என்பது பெரும்பாலும் 6061 என்ற பரவலான அலுமினியக் கலவை. நல்ல பொருள்தான், அபூர்வமானதில்லை. ஐ.பி.எக்ஸ்.4 என்றால் மழைச் சாரல் தாங்கும், ஐ.பி.எக்ஸ்.7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னது போதாமல் போகலாம். முன்னும் பின்னும் இழுத்து ஒளியைக் குவிக்கும் 'ஜூம்' டார்ச்சுகளில் அந்த அசையும் இடத்தில் தண்ணீர் புகும். குவித்தால் ஒளியில் ஒரு பகுதி உள்ளேயே வீணாகும். பாதுகாப்புக்கு வாங்குகிறவர் அதை ஒதுக்கிவிடலாம்.

முன் விளிம்பில் ரம்பப் பல் வைத்திருப்பது அடிப்பதற்கு என்று சொல்லி விற்கிறார்கள். நம் நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பேசுகின்றன. 37-ஆவது பிரிவு அந்த உரிமைக்கு எல்லை போடுகிறது: காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது, அரசு அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரம் இருந்தால் அதைத்தான் நாட வேண்டும். வெளிச்சம் அடித்ததற்கு யாரும் கணக்குக் கேட்கப் போவதில்லை. பல் விளிம்பால் ஒருவர் முகத்தைக் கிழித்தால் அது வேறு விவகாரம். அதோடு அந்த விளிம்பு பையின் உள்துணியைக் கிழிக்கும், விமான நிலையப் பரிசோதனையில் கேள்வி வரும். தட்டையான விளிம்பே போதும்.

மூன்று பேர், மூன்று டார்ச்

இரவு ஷிப்ட் முடிந்து இறங்கி அரை கிலோமீட்டர் நடக்கிறவருக்கு: 12, 13 சென்டிமீட்டர் நீளம், வால்முனையில் ஃபார்வர்ட் கிளிக், 500 முதல் 1,000 லுமன், 10,000 கேண்டலாவுக்குக் குறையாமல், 18650 பேட்டரி. வீட்டு வாசல்வரை கையிலேயே இருக்க வேண்டும். மறுகையில் 112-ஐ அழைக்கத் தயாராகக் கைபேசி. கைபேசியின் டார்ச்சை நம்ப வேண்டாம். அது சில பத்து லுமனை அகலமாகச் சிந்துவது, எதிரே இருப்பவர் முகம்வரை போகாது, அதோடு அழைக்க வேண்டிய கருவியையே விளக்காக நீட்டிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

வயலுக்குப் போகிறவருக்கு: அகல ஒளி, 100 லுமனில் எட்டு மணி நேரமாவது ஓடக்கூடிய 21700 பேட்டரி, இளமஞ்சள் வெள்ளை, ஐ.பி.எக்ஸ்.7. ஸ்ட்ரோப் இல்லாவிட்டாலும் குறையில்லை.

வீட்டில் மின்வெட்டுக்கும் புயலுக்கும் வைத்திருப்பவருக்கு டேக்டிகல் எதுவும் வேண்டாம். நிமிர்த்தி வைத்துக் கூரையில் ஒளி படும்படி விட்டால் அறை முழுவதும் பரவும் மாதிரி தட்டையான வால்முனை உள்ள, டபுள்-ஏ பேட்டரியில் ஓடும் ஒன்று போதும்.

கைக்கு வந்ததும்

பார்சலைப் பிரித்ததும் செய்ய வேண்டியவை சில. இருட்டு அறையில் கண்ணை மூடிக்கொண்டு பத்து முறை எடுத்துப் போட்டுப் பாருங்கள். பத்து முறையும் முதல் அழுத்திலேயே முழு வெளிச்சம் வருகிறதா? முழு வெளிச்சத்தில் பத்து நிமிடம் விட்டு, கையில் பிடிக்கும்படி இருக்கிறதா, எவ்வளவு மங்குகிறது என்று கவனியுங்கள். உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டினால் மினுக்கக் கூடாது. கடைசியாகப் பேட்டரியைக் கழற்றிச் சமையலறைத் தராசில் வையுங்கள். 18650 என்று சொல்லி வந்தது 35 கிராம்தான் காட்டுகிறது என்றால், திருப்பி அனுப்பும் கெடு முடியுமுன் பெட்டியோடு அனுப்பிவிடலாம்.